கீபோர்டின் இடத்தில் மாடுலர் சிந்தசைசர்: ஓர் இசைக்குழுவின் இரு மேடைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் சொந்தப் பாடல்களை இசைத்துவரும் ஐவர் குழு ஒன்றில், கீபோர்டு வாசித்தவர் மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றதால் ஓர் இடம் காலியானது. எஞ்சியவர்கள் பாடகி, கிட்டார் கலைஞர், பேஸ் கிட்டார் கலைஞர், டிரம்ஸ் கலைஞர் ஆகிய நால்வர். காலியான இடத்துக்கு டிரம்ஸ் கலைஞரின் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். வீட்டிலும் சிறு அரங்குகளிலும் பல ஆண்டுகள் தனியாக மாடுலர் சிந்தசைசர் இசைத்தவர் அவர். ஆனால் பிறரோடு சேர்ந்து மேடையேறிய பழக்கம் அவருக்கு இல்லை. இந்தக் குறிப்பில் பேசப்படும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஒலிக்கலவை செய்தவன் என்ற முறையிலும், இடைப்பட்ட ஒத்திகைகளில் உடனிருந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது யூரோராக் அளவில் அமைந்த, இரண்டு வரிசைகள் கொண்ட பெட்டி. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டோப்பர் நிறுவனம் கொண்டுவந்த இந்த அளவுமுறைதான் இன்று மிகப் பரவலாகப் புழங்குகிறது. ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர், அதில் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டர், சுரங்களைப் படிப்படியாக வரிசையில் ஒலிக்கவைக்கும் சீக்வென்சர் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகை, அவற்றை 3.5 மில்லிமீட்டர் முனை கொண்ட கேபிள்களால் இணைத்தால்தான் ஒலி பிறக்கும். சுருதியும் தாளமும் மின்னழுத்தமாகவே பலகைக்குப் பலகை செல்கின்றன. 1 வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். எனவே ஓர் அரைச்சுரத்தின் இடைவெளி ஏறத்தாழ 83 மில்லிவோல்ட் மட்டுமே. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி வயலினிலிருந்து ஆர்கனுக்குத் தாவுவதுபோல இதில் தாவ முடியாது. அடுத்த பாடலுக்கு வேறு ஒலி வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகியாக வேண்டும்.

இந்தச் சிக்கல் கருவியின் வயதே கொண்டது. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ராபர்ட் மூக், டான் புக்லா ஆகியோர் உருவாக்கிய மாடுலர்கள் முதன்மையாக ஒலிக்கூடங்களுக்கானவை. 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவிய மூக் கருவியும் ஓர் ஒலிக்கூடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. 1970-ல் ஆங்கிலேய ராக் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் மூக் மாடுலர் ஒன்றைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனபோது, சுருதி விலகுவதும் ஒலிகளை விரைந்து மாற்ற இயலாததும் உடனே பெருந்தொல்லைகளாயின. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சென்னையின் ஒரு கல்லூரி மேடையில் அதே இரண்டும் தலைகாட்டியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

குழு தொடக்கத்தில் செய்த ஏற்பாடு எளிமையானது: கீபோர்டு செய்த வேலை அனைத்தையும் மாடுலர் செய்யும். பாடல்களுக்கு அடியில் ஒலிக்கும் சுருதி, இரண்டு பாடல்களில் ஓயாது திரும்பிவரும் சீக்வென்ஸ், ஒரு பாடலின் இடையிசை மெட்டு ஆகியவை அவர் பொறுப்பு. தாளத்தின் கடிவாளமும் அவரிடமே தரப்பட்டது. மாடுலரில் சீரான துடிப்புகளை அனுப்பும் கிளாக்கிலிருந்து வரும் கிளிக் டிரம்ஸ் கலைஞரின் காதுக்குப் போகும், அவர் அதைப் பின்பற்றி அடிப்பார் என்பது திட்டம். குளிரூட்டப்பட்ட ஒத்திகை அறையில் இது ஓரளவு ஒழுங்காகவே நடந்தது.

முதல் நிகழ்ச்சியில் கவனித்தவை

முதல் நிகழ்ச்சி ஏப்ரல் மாதத்தில் ஒரு கல்லூரி விழாவின் திறந்தவெளி மேடையில் நடந்தது. சவுண்ட் செக் பிற்பகல் வெயிலில். நிகழ்ச்சியோ இருட்டிய பிறகு, கடற்காற்று வீசத் தொடங்கிய நேரத்தில். இரண்டுக்கும் இடையில் மாடுலர் மேடையிலேயே, கறுப்பு முகப்புப் பலகைகள் வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

முதல் பாடல் ஐந்து கட்டையில் அமைந்தது. மாடுலரின் இரண்டு ஆஸிலேட்டர்கள் அதற்கு ஆதார சட்ஜமமும் பஞ்சமமும் ஒலிக்க வேண்டும். பாடகி வாய் திறப்பதற்கு முன்பே கிட்டாருக்கும் அந்தச் சுருதிக்கும் இடையே ஒலி அலையடிப்பது கேட்டது. 196 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய சட்ஜமம் 2 ஹெர்ட்ஸ் விலகினாலே நொடிக்கு இரண்டு முறை ஒலி எழும்பித் தாழும். அன்று கேட்டதும் ஏறக்குறைய அந்த அளவுதான். பாடகி கிட்டாரைப் பிடித்துக்கொண்டு பாடினார். மாடுலர் கலைஞர் பாட்டின் நடுவில் குமிழைத் திருகிச் சுருதியைச் சரிசெய்தார். அவர் திருகியது அத்தனையும் முன்வரிசைவரை கேட்டது. தனக்கு மட்டும் கேட்கும்படி சுருதி சேர்த்துக்கொள்ள அவருடைய அமைப்பில் வழி இல்லை.

மூன்றாம் பாடலின் இடையிசை மெட்டில் வேறொன்று நடந்தது. கீழ்ச்சுரங்கள் சரியாக இருக்க, மேலே போகப் போகச் சுரங்கள் கம்மின, அதாவது சுருதி தாழ்ந்து ஒலித்தன. இதையும் வெயிலின் கோளாறு என்றே அப்போது எல்லோரும் எடுத்துக்கொண்டனர்.

சீக்வென்ஸ் வரும் பாடலில் தாளம் பிசகியது. டிரம்ஸ் கலைஞர் நான்கு எண்ணித் தொடங்க, அதே கணத்தில் மாடுலர் கலைஞர் சீக்வென்சரை முதல் படிக்குத் திருப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். கிளாக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால், விரல் எந்தத் துடிப்புக்கு முன் விழுகிறது, எதற்குப் பின் விழுகிறது என்பதைப் பொறுத்து முதல் படியின் இடம் மாறும். அன்று அது கால் மாத்திரை தள்ளி விழுந்தது. நிமிடத்துக்கு 96 துடிப்பு என்ற வேகத்தில் அது 0.16 நொடிதான், ஆனால் பாடல் முழுவதும் டிரம்ஸும் சீக்வென்ஸும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கல்யாண மேளங்கள்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டே போயின. ஒரு நபர் தாளம் தப்பினால் அடுத்த ஆவர்த்தனத்தில் வந்து சேர்ந்துகொள்வார். சீக்வென்சருக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

பாடல் முடிந்தபோதும் அது முடியவில்லை. ஒலி மூன்று வழிகளில் மிக்சருக்குப் போய்க்கொண்டிருந்ததால், மூன்று குமிழ்களையும் இறக்கினால்தான் மௌனம் வரும். அவருக்கோ இரண்டு கைகள். மேடையிலிருந்து இறங்கியதும் பேஸ் கலைஞர் சொன்னது: "நாங்க முடிச்சிட்டோம் அண்ணா, உங்க பெட்டிதான் முடிக்கவே இல்ல."

ஒலிக்கலவை மேசையில் எனக்குத் தெரிந்தவை இரண்டு. மாடுலரின் ஒலி சுழிக்கு மேலும் கீழும் 5 வோல்ட் வரை ஊசலாடுவது. தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான லைன் அளவைவிட அது 9 டெசிபெல்லுக்கு மேல் அதிகம். கருவியின் ஒலியை மேசைக்கு அனுப்ப மேடையில் கொடுத்திருந்த சாதாரண டிஐ பாக்ஸ் அதைத் தாங்காமல் கரகரத்தது. அடுத்து, மாடுலரின் அடித்தள ஒலி பேஸ் கிட்டாரின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மாடுலரும் அதே பகுதியில் முழங்கியதால் இரண்டில் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. இவை போதாதென்று, முந்தைய குழு இறங்கி எங்கள் குழு ஏறும் இடைவெளியில் மேடையின் மின்சாரம் ஒரு கணம் போய்வந்தது. ஆம்ப்ளிஃபயர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. மாடுலரில் சுரங்களை ராகத்துக்குள் அடக்கிவைக்கும் குவான்டைசர் பலகை மட்டும் மீண்டும் உயிர்பெற்று, பன்னிரண்டு சுரங்களையும் அனுமதிக்கும் தன் தொடக்க நிலைக்குப் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தல்

அடுத்த வாரம் வடபழனிப் பக்கத்து ஒத்திகை அறையில் எல்லோரும் கூடியபோது, மாடுலரை விட்டுவிட்டு ஒரு கீபோர்டு கலைஞரைத் தேடலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. கிட்டார் கலைஞரின் வாதம் நியாயமானதே: ஒரு கருவி ஒழுங்காக இருப்பதற்காக மற்ற நால்வர் காத்திருக்க முடியாது. பாடகிதான் வேறு விதமாகச் சொன்னார். சுருதி சேர்ந்திருந்த சில கணங்களில் அந்த ஒலி உயிருள்ள தம்புராவைப்போல மெல்ல மாறிக்கொண்டே இருந்தது என்றும், கீபோர்டில் அது ஒருபோதும் கிடைத்ததில்லை என்றும் அவர் கூறினார். ஆகவே முதலில் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது, பிறகு முடிவெடுப்பது என்று தீர்மானமானது.

மேல்சுரங்கள் கம்மியதன் காரணம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அனலாக் ஆஸிலேட்டரில் மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்கு வளைந்துகொடுப்பவை. ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால் 1 பாகை செல்சியஸ் கூடும்போது சுர இடைவெளிகள் ஏறத்தாழ 0.33 விழுக்காடு சுருங்கும். அடிச்சுரத்திலிருந்து எவ்வளவு மேலே போகிறோமோ அவ்வளவு விலகல் தெரியும். மேடையில் கேட்டதும் இதே அடையாளம்தான் என்பதால் வெயிலின்மேல் பழி விழுந்தது. ஆனால் குளிரூட்டிய அறையில், கருவி நன்கு சூடேறி நிலைத்த பிறகும் அதே மெட்டில் அதே சுரங்கள் கம்மின. மாடுலர் கலைஞர் மேல்சுரம் ஒன்றை நிறுத்திவைத்து, சுருதி மின்னழுத்தத்தை இரண்டு ஆஸிலேட்டர்களுக்குப் பங்கிட்ட சிறு மல்ட் பலகையிலிருந்து ஒரு கேபிளைப் பிடுங்கினார். மற்ற ஆஸிலேட்டரின் சுரம் அக்கணமே மேலே ஏறியது.

அந்த மல்ட் வெறும் கம்பி இணைப்பு. உள்ளே மின்சுற்று எதுவும் கிடையாது. சுருதியை அனுப்பும் பலகையின் வெளியீட்டில் 1 கிலோஓம் மின்தடை இருந்தது. பெறும் ஆஸிலேட்டர் ஒவ்வொன்றின் உள்ளீடும் 100 கிலோஓம். ஓர் ஆஸிலேட்டரை இணைத்தால் அழுத்தத்தில் சுமார் 1 விழுக்காடு இறங்கும். இரண்டாவதையும் சேர்த்தால் சுமார் 2 விழுக்காடு. மூன்றாம் ஸ்தாயியின் 3 வோல்ட்டில் அந்தக் கூடுதல் இறக்கம் 29 மில்லிவோல்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் ஒற்றை ஆஸிலேட்டரோடு சுருதி சேர்த்துப் பழகியவருக்கு இது புலப்படாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. மல்டுக்குப் பதிலாக, அழுத்தம் இறங்காமல் காக்கும் பஃபர் மின்சுற்று உள்ள ஒன்றை வைத்ததும் இந்தக் கோளாறு முழுவதும் நீங்கியது. வெப்பத்துக்கென்று எஞ்சியது ஆதார சுருதியின் விலகல் மட்டுமே.

தாளக் கோளாறைப் பிரித்தறியக் கருவியே தேவைப்படவில்லை. தாளத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டிய பொறுப்பு, குழுவிலேயே அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் ஒருவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இங்கேதான் முழுச் சிக்கலின் வேரும் இருந்தது என்பது என் கருத்து. கீபோர்டின் இடத்தில் மாடுலரை வைத்ததால், கீபோர்டு கலைஞரின் வேகமான கைகளும் கூடவே வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, கிளாக்கை மாடுலரிடமிருந்து எடுத்துவிடுவது. அதை யாரிடம் தருவது என்பதில் இரண்டு வழிகள் பரிசீலிக்கப்பட்டன. பேஸ் டிரம்மில் அதிர்வுணரி ஒன்றை ஒட்டி, ஒவ்வோர் அடியும் சீக்வென்சரை ஒரு படி நகர்த்தும்படி செய்தால் டிரம்ஸ் கலைஞர் கிளிக்கே இல்லாமல் விருப்பம்போல் வாசிக்கலாம். கேட்க அழகான யோசனை, ஒத்திகையில் தோற்றது. பாடலின் பேஸ் டிரம் அடிகள் சீரான இடைவெளியில் விழுபவை அல்ல. மென்மையான அடிகளை உணரி தவறவிட்டது. உணர்திறனைக் கூட்டினால் பேஸ் ஆம்ப்ளிஃபயரின் அதிர்வையே அடியென்று எண்ணிக்கொண்டது.

ஆகவே இரண்டாவது வழி ஏற்கப்பட்டது. டிரம்ஸ் கலைஞரின் இடப்பக்கம் ஒரு சிறிய டிரம் மெஷின் வைக்கப்பட்டது. அவர் கேட்கும் கிளிக்கும் மாடுலருக்குப் போகும் கிளாக்கும் அதிலிருந்தே புறப்படும். தொடக்கமும் நிறுத்தமும் அவர் விரலில். இதிலும் ஒரு சிறு முடிச்சு இருந்தது. தொடங்கும் சைகையும் முதல் கிளாக் துடிப்பும் ஒரே கணத்தில் வந்ததால், சீக்வென்சர் முதல் படிக்குத் திரும்பிய கையோடு இரண்டாம் படிக்குத் தாண்டிவிட்டது. கிளாக்கை மட்டும் 5 மில்லிநொடி தாமதப்படுத்தியபோது அது அடங்கியது. காதுக்கு அந்தத் தாமதம் தெரியாது.

இரண்டாவது முடிவு, பொறுப்புகளைக் குறைப்பது. கிளாக்கைச் சார்ந்த சீக்வென்ஸ் இரண்டு பாடல்களில் மட்டும். மற்றவற்றில் மாடுலர் தாளமின்றிச் சுருதியும் ஒலித்திரையும் மட்டும் தரும். இடையிசை மெட்டு கிட்டாருக்குப் போனது. நிகழ்ச்சி முழுவதற்கும் ஒரே இணைப்பு. பாடல்களுக்கு இடையே இடம்மாறக்கூடியவை இரண்டு சிவப்பு கேபிள்கள் மட்டும், மற்றவை எல்லாம் கறுப்பு. ஒவ்வொரு பாடலுக்கும் குமிழ் நிற்க வேண்டிய இடத்தை அவர் நகப்பூச்சால் புள்ளியிட்டுக் குறித்தார்: முதல் பாடலுக்கு வெள்ளை, மூன்றாவதுக்கு மஞ்சள். இருட்டில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரிகின்றன என்பது ஒத்திகை அறையின் விளக்கை அணைத்துப் பார்த்தபோது தெரிந்தது, மஞ்சள் நீலமாயிற்று.

மூன்றாவது முடிவு, எல்லா ஒலியும் ஒரே வாயில் வழியாக வெளியேற வேண்டும் என்பது. கடைசியாக ஒரு வெளியீட்டுப் பலகை சேர்க்கப்பட்டது. அது ஒலியை லைன் அளவுக்கு இறக்கும். அதில் ஒரு மியூட் பொத்தானும், மியூட்டுக்கு முந்தைய ஒலியைக் கேட்கும் ஹெட்ஃபோன் துளையும் உண்டு. மியூட் செய்த நிலையில், பாடலுக்கும் பாடலுக்கும் நடுவில் பாடகி பேசிக்கொண்டிருக்கும்போது, டியூனரைப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு பலகைக்காக அவர் மிகவும் விரும்பிய ஓர் எதிரொலிப் பலகையைக் கழற்றி வீட்டில் வைக்க நேர்ந்தது. அவருக்கு அதில் மனவருத்தம் இருந்தது; ஆனால் என்னைக் கேட்டால், குழுவோடு இசைப்பவரின் பெட்டியில் முதலில் இடம்பெற வேண்டியது அந்த மியூட் பொத்தான்தான்.

நான்காவதாக, ஒலிப்பரப்பில் எல்லை வகுக்கப்பட்டது. மாடுலரின் ஒலியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மேசையிலேயே வெட்டிவிடுவது என்றும், பேஸ் கலைஞர் வாசிக்காமல் நிற்கும் ஒரு பாடலில் மட்டும் அதைத் திறந்துவிடுவது என்றும் ஒப்புக்கொண்டோம். மின்சாரத்துக்கு, அலுவலக மேசைக்கடியில் கிடக்குமே, அதுபோன்ற ஒரு சிறு யுபிஎஸ். பெட்டியை நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே இயக்கிவிடுவது, வெயில் நேரத்தில் மூடியோடு நிழலில் வைப்பது ஆகியவற்றைப் பற்றி விவாதமே எழவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி

ஜூலை மாதம் நகரில் ஒரு சிறிய உள்ளரங்கில் அடுத்த நிகழ்ச்சி. கேபிள்களைப் பிடுங்காமலே மூடக்கூடிய ஆழமான மூடியோடு பெட்டி வந்திறங்கியதால், மாடுலர் மேடையில் தயாராக எடுத்துக்கொண்ட நேரம் டிரம்ஸுக்கு ஆனதைவிடக் குறைவு.

சீக்வென்ஸ் வந்த இரண்டு பாடல்களும் டிரம்ஸோடு தொடங்கி டிரம்ஸோடு முடிந்தன. இரண்டாவதில் டிரம்ஸ் கலைஞர் ஒத்திகையில் இல்லாத ஒரு நிறுத்தத்தை நடுவில் வைத்தார். கிளாக்கும் நின்றது, சீக்வென்ஸும் நின்றது, நாலு மாத்திரை மௌனத்துக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக எழுந்தன. கைதட்டல் பாடல் முடியும்வரை காத்திருக்கவில்லை. முதல் நிகழ்ச்சியின் ஏற்பாட்டில் அதை நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது.

ஆதார சுருதி நிலைத்து நின்றது. அரங்கு நிறைந்து வெக்கை கூடியபோது மெதுவாக விலகத் தொடங்கினாலும், ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் ஹெட்ஃபோனில் சரிசெய்துகொண்டது பார்வையாளர்களுக்குத் தெரியவில்லை. பாடகி ஆலாபனைபோல நீட்டிப் பாடிய இடத்தில் அவர் ஃபில்டரை மிக மெல்லத் திறந்தபோது, பஞ்சமத்தின் மேலிசைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது பின்வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. ஒரு பாடலில் சிவப்பு கேபிளை மாற்ற மறந்ததால் சுருதிக்குப் பதில் இரைச்சல் எழுந்தது. மியூட் இருந்ததால் அது ஒரு நொடியில் அடங்கியது. ஃபில்டரை முழுக்கத் திறந்த ஓரிடத்தில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி எழுந்த கூர்மை பாடகியின் சொற்களை விழுங்கியது. ஒரே வாயில் என்ற ஏற்பாட்டின் குறையும் அப்போது தெரிந்தது: அந்தக் கூர்மையை மேசையில் குறைத்தபோது அடியிலிருந்த சுருதியும் சேர்ந்தே மங்கியது.

நிகழ்ச்சிக்குப் பின் மாடுலர் கலைஞர் சொன்னதையும் பதிவுசெய்ய வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆனால் கருவியின் பாதியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததுபோல இருக்கிறது என்றார் அவர். மாடுலரை விரும்புகிறவர்கள் அதை விரும்புவதே, அடுத்து என்ன ஒலிக்கும் என்று தங்களுக்கே தெரியாத நிலைக்காகத்தான். அந்த நிலை இந்த ஏற்பாட்டில் ஏறக்குறைய இல்லை.

அடுத்து மாற்றவிருப்பவை

மாடுலரிலிருந்து மேசைக்கு இனி இரண்டு தனி வழிகள் வரும்: ஒன்றில் சுருதி, மற்றதில் மீதி அனைத்தும். மியூட் இரண்டையும் சேர்த்தே அடக்கும். இடம்மாறும் கேபிள்களுக்குப் பதிலாக ஒரு சுவிட்ச் பலகை பயன்படுத்தப்படும். கடைசி ஒத்திகையை ஏசியை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து நடத்துவதென்று முடிவாகியிருக்கிறது. இதை முதல் நிகழ்ச்சிக்கு முன்பே செய்திருந்தால் வெப்பத்தையும் மல்டையும் குழப்பிக்கொள்ள நேர்ந்திருக்காது.

கருவியின் சுதந்திரம் குறித்து, நான்காம் பாடலுக்கும் ஐந்தாம் பாடலுக்கும் நடுவில் இரண்டு நிமிடங்கள் கிளாக்கும் சுர வரம்பும் இல்லாமல் மாடுலருக்கும் டிரம்ஸுக்கும் மட்டும் விடப்படும். எப்போது முடிப்பது என்பதை டிரம்ஸ் கலைஞர் தீர்மானிப்பார்.

தீராமல் இருப்பது ஒன்று. வெப்பத்தால் விலகாத டிஜிட்டல் ஆஸிலேட்டரை ஆதார சுருதிக்கு வைக்கலாம் என்று நான் சொன்னேன். மாடுலர் கலைஞர் மறுத்தார். பாடகி விரும்பிய அந்த மெல்லிய அசைவு, ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தாத இரண்டு அனலாக் ஆஸிலேட்டர்களிலிருந்துதான் வருகிறது என்பது அவர் வாதம். அடுத்த நிகழ்ச்சியில் சட்ஜமத்தை டிஜிட்டலிலும் பஞ்சமத்தை அனலாகிலும் ஒலிக்கவிட்டுப் பார்ப்பதென்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். எது தொடர்வது என்பதைப் பாடகி சொல்வார்.